பன்னிரண்டு வயது டாக்சி

பன்னிரண்டு வயது தாண்டிய வண்டி டாக்சியாக ஓடக் கூடாது என்று எங்கள் லங்காஷயர் ஊர் கவுன்சில் விதி போட்டது. ஊர் பளிச்சென்று இருக்குமாம். அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் கவுன்சிலர் மோரீனும் ஒருத்தி.

ஸ்டேஷன் வாசலில் நிற்கும் டாக்சிகளில், சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றும் சாய்பலகை கார்டனின் வண்டியில் மட்டும்தான் உண்டு. எஞ்சினில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கவுன்சில் பார்ப்பது பிறந்த தேதியைத்தானே.

நேற்று மதியத்தோடு அதன் கெடு முடிந்தது. கார்டன் குந்தி உட்கார்ந்து, பின்பக்கத்து டாக்சி லைசென்ஸ் தகட்டைக் கழற்றி முடித்தான். நான் என் டாக்சியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மோரீன், மடக்க முடியாத நாற்காலியில் தன் அண்ணன் ஹெட்லியைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து வந்தாள்.

"கார்டன், பலகைய இறக்குப்பா. மழை வருது."

"முடியாதும்மா. தகடு போனா இன்ஷூரன்ஸும் போச்சு. ஓசியில கூட ஏத்த முடியாது. இழுத்துட்டுப் போக லாரி வருது."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கை தூக்கும்போது யோசிக்கலையா?"

"ஓட்டை வண்டிங்களைத்தான் நெனச்சேன்" என்றாள், தரையைப் பார்த்தபடி. "கார்டன் வண்டி ஞாபகத்துக்கே வரல."

"அவன் வண்டிய விடு" என்றார் ஹெட்லி. "நான் ஞாபகத்துக்கு வந்தேனா?"

அவள் குனிந்து அவருடைய கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது.