பால்காய்ச்சுக்குப் போன நாற்காலிகள்

சந்தைமுக்குப் பழைய கடைவரிசை இடிந்தால் திருவிதாங்கூரின் வரலாறே இடிந்துவிடும் என்று கருணாகரன் மைக்கில் முழங்கினார். மகாராஜா ஒருவரின் கார் அதன் முன்னால் அரைமணி நேரம் நின்றதாம். டயர் பஞ்சரானதால் நின்றது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

பெருங்கடவிளை போகிற வழியில் இருந்த அந்தக் கடைவரிசையை இடித்து நாலு மாடி வளாகம் கட்டப் பஞ்சாயத்து துடித்தது. அதைத் தடுக்கக் கடைக்காரர்கள் ஒரு சமிதி அமைத்தார்கள், தலைவர் கருணாகரன். யாரும் சம்மதம் கொடுப்பதில்லை என்று பாதிப்பேர் கற்பூரத்தை அணைத்தும் மீதிப்பேர் பைபிளைத் தொட்டும் சத்தியம் செய்தார்கள்.

எலியா அங்கே பந்தலும் நாற்காலியும் சமையல் அண்டாவும் வாடகைக்கு விடுகிறவர். புது வளாகத்தில் மூன்றாம் மாடிதான் தருவார்களாம். பிரியாணி அண்டாவை மாடியேற்றி யார் தொழில் செய்வது? தெருவோரக் கடையறை போனால் பிழைப்பும் போயிற்று. ஆகவே சமிதிக் கூட்டங்களுக்கு நாற்காலி இலவசம். கருணாகரன் உண்ணாவிரதம் இருந்தது எலியாவின் நாற்காலியில். பந்தலுக்குப் பின்னால் பொறோட்டா தின்றதும் எலியாவின் நாற்காலியில்தான்.

ஒருநாள் சாயங்காலம் கருணாகரன் கடைக்கு வந்தார்.

“எலே எலியா, நாளைக்கு மச்சினனுக்க பால்காய்ச்சாக்கும். நூறு கசேர வேணும்.”

எந்த ஊரில் புதுவீடு என்று எலியா கேட்கவில்லை. பால்காய்ச்சுக்கு இடம் கேட்டால் அழைப்புக்கு அடிபோடுவதாக ஆகிவிடும். நாற்காலிகளைக் கருணாகரன் வீட்டு முற்றத்தில் இறக்கிவிட்டுத் திரும்பினார்.

காலையில் கடை திறக்க வந்தால், கடைவரிசைக்கு முன்னால் பந்தல். வளாகத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. எம்.எல்.ஏ. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சிவப்புப் பெயின்டில் ‘எலியா’. நூறு நாற்காலியிலும் ‘எலியா’.

தையல்கடை விஜயம்மா தெருவோரம் நின்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

“நீயும் அந்தப் பக்கம் மறிஞ்சிட்டியா மக்கா?”

பால்காய்ச்சுக்கு என்று கருணாகரன் வாங்கிப்போனதை எலியா சொன்னார்.

“பால் காய்ச்சினது செரிதான்,” என்றாள் அவள். “நமக்க வாயில ஊத்துறதுக்காக்கும்.”

சமிதியில் முதல் ஆளாகச் சம்மதம் தந்த கருணாகரனின் பரந்த மனதை எம்.எல்.ஏ. மைக்கில் புகழ்ந்தார். புது வளாகத்தில் ரோட்டைப் பார்த்த முதல் கடையறை கருணாகரனுக்கு என்றும் அறிவித்தார். எலியாவின் கை அருகிலிருந்த காலி நாற்காலியைப் பற்றியது. இழுத்தெடுக்கத்தான் நினைத்தது. ஆனால் நிகழ்ச்சி முடியாமல் நாற்காலி எடுப்பதும், வந்த ஆளை நிற்க விடுவதும் அவர் தொழிலில் இல்லை.

கருணாகரன் பொன்னாடையோடு மேடையிலிருந்து இறங்கி நேராக அவரிடம் வந்தார்.

“எலியா, ஆளு கூடிப்போச்சு. கசேர தெகையல. இன்னும் பத்து உண்டா?”

எலியா கடையைத் திறந்து, பத்து நாற்காலியைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டார்.