எட்டுப் பத்துக்கு வந்தவர்

பயமாக இருந்தால் சொல்லுங்கள் கண்ணுகளா, நிறுத்திவிடுகிறேன்.

எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன ஆண்கள், உடம்பு எப்படி என்று யார் கேட்டாலும் "குறை ஒண்ணுமில்ல" என்பார்கள். கூரை இடிந்து கால் நசுங்கிக் கிடந்த ஒருவனும் அதையேதான் சொன்னான். என் அடுத்த வீட்டு இத்வாலும் அந்த ரகம். ஐந்து மாதம் இருமினார். கைக்குட்டையில் ரத்தம் படிந்தது. அவர் மனைவி கிளெனிஸ் ஆறு முறை அவரைக் குடும்ப டாக்டர் ஹாரிஸிடம் விரட்டினாள். ஆறு முறையும் இருமல் மருந்தோடு திரும்பி வந்தார். ரத்தம் வருவதைச் சொன்னீர்களா என்று அவள் கேட்டால், சொன்னேன் என்பார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். அதன் பிறகு மூன்று வாரம்தான் இருந்தார்.

எங்கள் ஊரில் இடுகாட்டுக்கு ஆண்கள் மட்டுமே போவார்கள். கிளெனிஸ் வீட்டில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் ஹாரிஸ் குழி வரைக்கும் போய் மண் போட்டுவிட்டு வந்தார்.

பிறகு அவர் மேலேயே அவள் இழப்பீட்டு வழக்குக்கு ஏற்பாடு செய்தாள். தப்பு தன்மேல்தான் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. 'ரத்தம் வருவதைச் சொல்லியும் எக்ஸ்ரேக்கு அனுப்பவில்லை' என்று வாக்குமூலம் தயாரானது. கையெழுத்துதான் பாக்கி.

அதற்குள் வக்கீல் மெரியல், டாக்டர் எழுதிவைத்திருந்த இத்வாலின் மருத்துவ அட்டையின் நகலை வாங்கி வந்தாள். ஆறு முறைக்கும் ஒரே வரி: இருமல், வேறு தொந்தரவு இல்லை. அதன் கீழே ஏழாவதாக ஒன்று இருந்தது. காலை எட்டுப் பத்து. 'சளியில் ரத்தம், ஐந்து மாதமாக. இதுவரை என்னிடம் சொல்லவில்லை என்கிறார்.' தேதி, அவரைப் புதைத்துப் பதினோரு நாள் கழித்து.

மெரியல் அந்தத் தேதியை விரலால் மூடினாள், திறந்தாள். பிறகு வக்கீலாகிவிட்டாள். இந்தத் தேதியைக் காட்டினால் அட்டை மொத்தமும் பொய் என்று நிரூபித்துவிடலாம், சுலபமாக ஜெயிக்கலாம் என்றாள். கிளெனிஸ் நகலை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"இது உங்க கையெழுத்தா டாக்டர்?"

அவர் முதலில் கதவைப் பார்த்தார். பிறகு ஆமாம் என்றார். காலையில் முதல் ஆளை உள்ளே கூப்பிட்டாராம். இத்வால் வந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எப்படி இருக்கீங்க என்று கேட்டதும், வழக்கத்துக்கு மாறாக எல்லாவற்றையும் சொன்னாராம். கை பழக்கத்தில் எழுதிக்கொண்டே போயிருக்கிறது. நாற்காலி காலியான பிறகுதான், தான் போட்ட மண் ஞாபகம் வந்ததாம்.

"என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"எப்பவும் சொல்றதுதான். பயப்பட ஒண்ணுமில்ல, ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னேன்."

"வந்தாரா?"

"ஒண்ணுவிட்டு ஒரு செவ்வாய் வர்றார், கிளெனிஸ். அதே எட்டுப் பத்துக்கு. நான்தான் எழுதறத நிறுத்திட்டேன்."

கிளெனிஸ் அந்தக் காலி நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"அப்போ ரத்தத்தச் சொன்னேன்னு எங்கிட்ட பொய்தான் சொல்லியிருக்கார். சரி, அது எனக்கும் அவருக்கும். ஆனா கரித்தூசி தின்ன சுரங்கத்து நெஞ்சு, ஆறு தடவ இருமிக்கிட்டே வந்து நின்னுச்சே. ரத்தத்தக் காட்டினாத்தான் எக்ஸ்ரேயா டாக்டர்?"

அவர் நகலில் அந்த ஆறு வரிகளையும் மறுபடி படித்தார்.

"அவருக்கு ஒரு எக்ஸ்ரே சீட்டு எழுதுங்க."

எழுதினார். பேனாவை மூடப்போனவர், மறுபடி குனிந்து, 'இரண்டாம் முறை வந்தபோதே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதது என் தவறு' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெரியல் பக்கத்தில் இருந்திருந்தால் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பாள். கிளெனிஸ் அதைத் தொடவே இல்லை. "எனக்கு எழுத வேண்டியத வக்கீலுக்கு எழுதுங்க. இது அவரோடது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வாக்குமூலத்தில் ரத்தத்தைப் பற்றிய வரியை அடித்துவிட்டு, மீதியில் கையெழுத்திட்டாள். மெரியலுக்குக் கோபம். ஆனால் அந்த வாரமே டாக்டரின் கடிதம் வந்தது, அதே வார்த்தைகளோடு. வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை.

அடுத்து இத்வால் வரவேண்டிய செவ்வாயன்று டாக்டர் கதவைத் திறந்துவைத்து, சீட்டை மேசை விளிம்பில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாராம். யாரோ இருமியது வெளியே இருந்த வரவேற்புப் பெண்ணுக்கும் கேட்டது. டாக்டர் திரும்பியபோது மேசையில் சீட்டு இல்லை. அதன் பிறகு இத்வால் அங்கே வரவில்லை.