பாக்கி நின்ற அடி

அப்பாவின் தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டி கசிஜா முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு வெள்ளைக்காரன் தலையை நீட்டினான்.

"விழா... இங்கே?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் வெந்து அவித்த இறாலின் நிறத்துக்கு வந்திருந்தான். கழுத்தில் கேமரா. கடற்கரை ஹோட்டலில் யாரோ கை காட்டிவிட்ட திசையில் நடந்து வந்திருக்கிறான். ஊர் மைதானத்துக்குப் போக வேண்டியவன் கிணற்றடியில் இடது பக்கம் திரும்பிவிட்டான்.

இங்கே இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். புத்தாண்டு அன்றைக்கு விருந்தாளி வராத வீட்டுக்கு அந்த வருஷமே விளங்காது. அப்பா மகாமே நேற்று மூச்சு வாங்க வாங்கக் கேட்ட கடைசிக் கேள்வியும் "யாராச்சும் விருந்தாளி வந்தாங்களா?" என்பதுதான். விடியற்காலையில் மூச்சு நின்றுவிட்டது.

"உள்ள வாங்க. அந்தப் பாயில உக்காருங்க" என்றாள். பிறகு கட்டிலைப் பார்த்து, "அப்பா, வந்துட்டாங்க" என்றாள்.

வெள்ளைக்காரன் அப்போதுதான் கட்டிலைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். கேமராவை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

எங்கள் ஊர் மகுண்டுச்சியில் புத்தாண்டு அன்று பொதுவாக யாரும் சாவதில்லை. நேரம் கிடைக்காது. காலையில் தெற்குத் தெருக்காரர்களும் வடக்குத் தெருக்காரர்களும் மைதானத்தில் இறங்கி, வாழைமட்டையால் ஒருவரை ஒருவர் ஆசைதீர அடித்துக்கொள்வார்கள். ஒரு வருஷத்து மனக்குறையெல்லாம் அதோடு தீர்ந்துவிட வேண்டும். பெண்கள் புதுத்துணி உடுத்திச் சுற்றி வந்து, அடிக்கிறவர்களின் குலம் கோத்திரத்தை எல்லாம் இழுத்துப் பாட்டுப் பாடுவார்கள். அப்புறம் ஓலைக் குடிசை ஒன்றைக் கொளுத்தி, புகை போகும் திசையில் வருஷத்தின் பலனைப் பார்த்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள்.

மகாமேயின் மையத்தைக் குளிப்பாட்டப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த இமாம், கசிஜாவைத் தனியே அழைத்தார்.

"சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். தூக்கறதுக்கு முன்னாடி நான் கேப்பேன், இவர் மேல யாருக்காச்சும் குறை இருக்கான்னு. எல்லாரும் இல்லைன்னுருவாங்க. பாண்டுவ நெனச்சாத்தான் பயமா இருக்கு. இருக்குன்னு கத்திடுவான்."

"நான் பேசிக்கறேன்."

"பேசு தாயி. குறையோட மண்ணுக்குள்ள அனுப்பக் கூடாது."

பாண்டுவின் வீடு வேலிக்கு அந்தப் பக்கம். வேலிதான் தெற்குத் தெருவுக்கும் வடக்குத் தெருவுக்கும் எல்லை. மகாமேயின் தென்னை இந்தப் பக்கம் முளைத்து, யோசித்துப் பார்த்து, அந்தப் பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தது. தேங்காய் அத்தனையும் பாண்டுவின் கூரைமேல்தான் விழும். கூரையை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, முதலில் வேய்ந்த ஓலை எது என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. ஒருமுறை தேங்காய் சேவலின் தலையில் விழ, அது அன்றிலிருந்து சாயங்காலம் மட்டுமே கூவியது. இதை நான் கேட்டிருக்கிறேன்.

விழுந்த காயைப் பாண்டு வேலிக்கு மேலாக மகாமேயின் முற்றத்துக்கு எறிவார், கூடவே ஒரு வசவும். புத்தாண்டு அன்று இருவரும் மைதானத்தில் அடித்துத் தீர்த்து, ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். மறுநாள் இன்னொரு காய் விழும்.

கசிஜா போனபோது பாண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அடி தாங்குவதற்காக மூன்று கோட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக. தலையில் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட். காலடியில் சீவி வைத்த வாழைமட்டைகள். மைதானத்துக்கு அவர் போகவில்லை.

"சித்தப்பா, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது?" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் வந்தது. "வாயால மன்னிச்சுப் பழக்கமே இல்லையே. எல்லா வருஷமும் கையாலதான்."

"சும்மாவாச்சும் சொல்லுங்க."

"மையத்து முன்னாடி பொய் சொல்லச் சொல்றியா? பொய்யெல்லாம் உங்கப்பன் இலாகா." ஒரு மட்டையை எடுத்து விரலால் தடவினார். "போன வாரம் வேலிக்கு அந்தாண்ட நின்னு சொன்னான். 'பாண்டு, நல்ல மட்டையா வெட்டி வை, வந்துருவேன்'னான். வெட்டிட்டேன். ஆளக் காணோம். எப்பவுமே இப்படித்தான், ஏமாத்துக்காரன்."

"அப்போ என்னை அடிங்க."

"பொம்பளப் புள்ளய அடிக்கிறதா? என் தோள்ல உக்காந்து மூத்திரம் பேஞ்சவ நீ. போடி."

மைதானத்திலிருந்து மத்தளச் சத்தமும் பெண்களின் பாட்டும் காற்றில் வந்துவந்து போயின. நிழல் வேலியை நெருங்கிவிட்டது. வீட்டுக்குள் மையத்துக்குச் சுற்றும் கபன் துணியைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"அப்பாவுக்கும் உங்க மேல ஒரு குறை உண்டு" என்றாள் கசிஜா.

"என் மேலயா? நான் என்ன பண்ணேன்?"

"ரெண்டு மாசமாப் படுத்துக் கெடந்தாரு. வேலியப் புடிச்சுக்கிட்டு எழுந்து வந்து உங்ககூடப் பேசினாரு. நீங்க ஒரு நாள் கூட உள்ள வந்து பாக்கல."

பாண்டு ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக் கட்டினார். எழுந்து, வேலிக்கு முதுகைக் காட்டி, கால்களை அகட்டி நின்றார்.

"சரி. அவன் பங்கக் குடு."

கசிஜா மட்டையை எடுத்தாள். பதினைந்து வயதிலிருந்து கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பாசி கட்டி வளர்க்கும் கயிற்றை இழுக்கிற கை அது. பாண்டு பறந்து போய் மகாமேயின் கட்டில் பக்கத்தில் விழுந்தார் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். அது மிகை. வேலி வரைக்கும்தான் போனார். வேலிதான் தாங்கவில்லை. அது சரிய, அதன்மேல் மூன்று கோட்டோடு அவரும் சரிந்து மகாமேயின் முற்றத்தில் கிடந்தார்.

சத்தம் கேட்டு வெளியே வந்த வெள்ளைக்காரன், கடைசியில் விழாவைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கை தட்டினான். யாரும் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சித்தப்பா! அடி பட்டுடுச்சா?"

"அதே அடி" என்றார் பாண்டு படுத்தவாறே. "எடது பக்கமாச் சாஞ்சு வர்ற அதே அடி. திருட்டுப் பய."

எழுந்து தன் மட்டையைத் தேடி எடுத்தார். நேராகத் தென்னையிடம் போய், அடிமரத்தில் ஒன்று வைத்தார். மட்டை நார்நாராகப் பிரிந்தது. காய் ஒன்றும் விழவில்லை. மரத்துக்கும் அன்று ஒரு மரியாதை தெரிந்திருந்தது. பிறகு அவர் வீட்டுக்குள் போய், கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

முற்றத்தில் இமாம் குறை உண்டா என்று கேட்டபோது, எல்லோரும் பாண்டுவைத்தான் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்ல. தீந்துருச்சு" என்றார்.

"ஹெல்மெட்டக் கழட்டுப்பா" என்றார் இமாம்.

மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கம் ஒரு தோளில் பாண்டு, மறு தோளில், யாரும் வேண்டாம் என்று சொல்லாததால், விருந்தாளி. அவன் பாண்டுவைவிட ஒன்றரை ஆள் உயரம். மகாமே பாண்டுவின் பக்கமாகச் சாய்ந்தபடியே போனார். பெண்களோடு முற்றத்தில் நின்ற கசிஜா தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மைதானத்துப் புகை கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நல்ல வருஷம் என்றாள் யாரோ ஒருத்தி.

விருந்தாளிக்குத் தேங்காய்ப்பால் சோறும் மீனும் போட்டார்கள். அவனும் பாண்டுவும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் கசிஜா வாசலில் உட்கார்ந்து பாசிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கட்டிலை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தொம்மென்று ஒரு சத்தம். ஓலை முறிந்தது.

"அடியே கசிஜா! ஒன் மரத்துக்கு என் கூரைதான் கெடச்சுதா? அப்பனுக்கு ஏத்த மவ!"

கயிறு அவள் கையில் நின்றது.

"வர்ற வருஷம் மைதானத்துல பாத்துக்கலாம், சித்தப்பா!"

"பொம்பளைய எவன்டி மைதானத்துல விடுவான்?"

"நீங்கதான் விடணும்!"

வேலி இன்னும் தரையில்தான் கிடந்தது. நடந்து வந்து கையில் கொடுத்திருக்கலாம். ஆனாலும் பாண்டு, வேலி இருந்த உயரத்துக்கு மேலாகவே தேங்காயை எறிந்தார். அது பறந்து வந்து முற்றத்தில் விழுந்து, உருண்டு, அவள் காலடியில் நின்றது.

கசிஜா அதை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். தண்ணீர் இருந்தது.