அலமாரியில் வெந்த வெங்காயம்

“அதுக்குள்ள இருந்த தோசைக்கல்லெல்லாம் எங்க போச்சு?”

“கட்டிலுக்கு அடியில.”

“இட்லிப் பானை?”

“அதுவும் அங்கதாங்க. கால்ல இடிச்சுக்காதீங்க.”

வெங்கட்ராமன் குனிந்து ஓவனின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். பஹ்ரைனின் ஈசா டவுனில் இந்த ஃபிளாட்டுக்கு வந்ததிலிருந்து அது ஒருநாளும் சூடானதில்லை. இப்போது உள்ளே பெரிய வெங்காயங்கள், நடுவைக் குடைந்து பனீரும் ரொட்டித்தூளும் அடைத்தவை, வெண்ணெயில் மெல்லச் சிவந்துகொண்டிருந்தன.

“கனகாவுக்காகவா இவ்வளவும்?”

அவர் மனைவி தாமரை ஓவனின் சூட்டைக் கொஞ்சம் குறைத்தாள். போன தீபாவளி விருந்தில் தோழி கனகா எல்லோர் முன்னாலும் அவளைக் கேலி செய்திருந்தாள். “தாமரை வீட்டு ஓவன்ல கேக்கா? தோசைக்கல்தான் வரும். அது அலமாரிப்பா!” எல்லோரும் சிரித்தார்கள். தாமரைக்கு மட்டும் சுருக்கென்றது. வீடு திரும்பியதும் தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறினாள். கனகா சில முறை அழைத்தாள். இவள் எடுக்கவில்லை. பிறகு அழைப்பு வரவில்லை.

கனகாவும் கணவன் மணிமாறனும் பஹ்ரைனை விட்டே போகிறார்கள் என்று லிஃப்ட்டில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. ரம்ஜான் பெருநாள் விடுமுறைக்குச் சாப்பிட வரச்சொல்லித் தாமரையே கூப்பிட்டாள். கனகா ஒரே வார்த்தையில் முடித்தாள்: “வர்றோம்.”

மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றில், பனி மூடிய ஊரில், பண்டிகைக்கு வெங்காயம் சுடுவார்கள். கோபித்துக்கொண்டு போனவர்கள் அந்த வாசனைக்குத் திரும்பி வருவார்கள். தாமரை அந்தப் பக்கத்தைப் பலமுறை வாசித்திருந்தாள்.

“சாயங்காலம் பிறை தெரிஞ்சா நாளைக்கே பெருநாள்,” என்றார் வெங்கட்ராமன், போனைப் பார்த்தபடி.

அழைப்பு மணி அடித்தது. உள்ளே வந்த கனகா நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றாள்.

“அடிப்பாவி, அலமாரி எரியுது!”

இந்த முறை முதலில் சிரித்தது தாமரைதான்.

சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு தட்டிலும் ஒரு முழு வெங்காயத்தை உடையாமல் எடுத்து வைத்தாள். மணிமாறன் தட்டைத் தொடாமல் கனகாவைப் பார்த்துவிட்டுத் தாமரையிடம் திரும்பினான்.

“தப்பா நெனைக்காதம்மா. இன்னிக்கு அமாவாசை. அம்மா போனதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் அமாவாசைக்கு வெங்காயம் சேர்க்கறதில்ல. காலையில மாடியில சோறு வெச்சேன். காக்காவக் காணோம், புறாதான் வந்துச்சு.”

தாமரை கரண்டியோடு நின்றாள்.

“அம்மாவா? எப்ப?”

“தையில,” என்றாள் கனகா. “குரூப்புல போட்டேனே, நீதான்…” பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“அப்பா தனியா இருக்காரு. அதான் ஊருக்கே போறோம்,” என்றான் மணிமாறன்.

வெங்கட்ராமனின் அப்பாவும் அம்மாவும் நலமாக இருந்ததால் அந்த வீட்டில் யாரும் அமாவாசை பார்ப்பதில்லை. ஆனால் ஊரே பிறைக்குக் காத்திருக்கும் நாள் அமாவாசையை ஒட்டித்தானே வரும்? அதுகூடத் தாமரைக்குத் தோன்றவில்லை. மணிமாறனின் அம்மா இங்கே மகனோடு வந்து தங்கியிருந்தபோது, “உன் காப்பிதான் காப்பி” என்று தினமும் இந்த வீட்டுக் கதவைத் தட்டியவர். அவர் காப்பி குடிக்க உட்காரும் நாற்காலியில்தான் இப்போது அவர் மகன் உட்கார்ந்திருந்தான்.

சாம்பாரிலும் வெங்காயம். கூட்டிலும் வெங்காயம். விருந்தாளிகள் தயிரும் அப்பளமும் வைத்துக்கொண்டு, குறையே இல்லாதவர்கள்போலச் சாப்பிட்டு எழுந்தார்கள்.

கை கழுவிவிட்டுக் கனகா சமையலறைக்கு வந்தாள். வெங்காயங்கள் ஆறிச் சுருங்கியிருந்தன. வெண்ணெய் வெள்ளையாக உறைந்துவிட்டது.

“விடு தாமரை. ஒரு டப்பாவுல போட்டுக் குடு. நாளைக்குச் சூடு பண்ணிச் சாப்பிடறேன்.”

தாமரை டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறக்காமல் மேடைமேல் வைத்தாள்.

“குரூப்புல போட்டத எனக்கு இப்பச் சொல்லு கனகா. அம்மாவுக்கு என்ன ஆச்சு? மொதல்லேருந்து சொல்லேன்.”