உரித்த இறால்

என் கணவர் கோபிநாத் பேத்தை மீன் வளர்க்கிறார். பயந்தால் பந்து மாதிரி உப்பிக்கொள்ளுமே, அந்த மீன். வளர்க்கிறார் என்றால், வாங்கி வந்து கூடத்தில் கண்ணாடித் தொட்டியில் விட்டதோடு அவர் வேலை முடிந்தது. மீதி எல்லாம் நான்தான். எங்கள் முதலியார்பேட்டை வீட்டிலிருந்து வண்டியில் போனால் பத்து நிமிடத்தில் கடல். நானோ பாக்கெட் உப்பைக் கரைத்து, அளவு பார்த்து, வீட்டுக்குள் ஒரு கடலைத் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால், "மீனை யாரு பாத்துக்குவா?" என்பார். கல்யாணத்துக்கு என்றால், "கரண்டு போயி மோட்டார் நின்னுட்டா?" மோட்டார் நின்றால் காற்றில்லாமல் மீன் செத்துவிடுமாம். எனக்குக் காற்று வேண்டாமா என்று ஒருநாள் கேட்டேன். ஜன்னலைத் திறந்துவிட்டார்.

நான் நர்ஸ். கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் வார்டில் ஓடியவள். இந்த மாதம் கோரிமேடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த மீன் இருக்குற வரைக்கும் வீட்டுல ஒரு ஆள் இருக்கணும். அப்புறம் பாக்கலாம்."

அந்த வாரமே மீன் சாப்பிடுவதை நிறுத்தியது. இறாலைக் காட்டினால் ஓடி வரும், முட்டும், கவ்வ முடியாமல் திரும்பிவிடும். சனிக்கிழமை மதியம், இதை எங்களுக்கு விற்ற வளர்ப்பு மீன் கடைக்கார வடிவேலுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் செய்தான்.

"அக்கா, இறாலை எப்பிடிப் போடுறீங்க?"

"எப்பிடின்னா? உரிச்சு, குடல் எடுத்து, அலசித்தான்."

"அய்யய்ய, கொழம்பா வைக்கப் போறீங்க? இதுக்குப் பல்லு வளந்துகினே இருக்கும்க்கா. இறாலு, நண்டு ஓட்டைக் கடிச்சாத்தான் தேயும். இப்ப பல்லு வாயை அடைச்சிடுச்சி."

"என்ன பண்றது?"

"கிராம்புத் தைலம் ரெண்டு சொட்டு கலந்த தண்ணில மயங்க வச்சு, தண்ணிக்குள்ளயே முனையை வெட்டணும். எனக்குக் கை நடுங்கும்க்கா. விட்டுடுங்க, ரெண்டு நாள்ல போயிடும்."

இரண்டு நாள் என்றால் திங்கட்கிழமை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

உட்கார்ந்தேன். பட்டினி கிடந்த மீன் கண்ணாடியோரம் வந்து என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த வீட்டில் என்னைக் கண்டதும் ஓடி வரும் ஒரே ஜீவன் அது. பார்த்துப் பார்த்து உரித்துப் போட்டு அதன் வாயை அடைத்தவளும் நான்தான்.

நகவெட்டியை வெந்நீரில் போட்டு எடுத்தேன். கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரும் தைலமும் கலந்து மீனை விட்டேன். மயங்கியதும் இடது கையில் பிடித்து, வெட்டினேன். மூன்று வருடமாகக் கரண்டி பிடித்த கை கொஞ்சமும் நடுங்கவில்லை. தொட்டியில் திரும்ப விட்டபோது அசையாமல் கிடந்தது. பிறகு மெதுவாகச் செவுள் திறந்து மூடியது. பிழைத்துவிட்டது. என் கதவை நானே இழுத்துச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

ஞாயிறு மதியம் இறால் தொக்கு வைத்தேன். உரித்த இறால். ஓட்டோடு வைத்தால் அவர் தட்டைத் தள்ளிவிடுவார். அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குத் தொட்டியில் ஒரு நண்டுக்கால் போட்டேன், ஓட்டோடு. மீன் நறுக்கென்று கடித்தது. செருப்பை மாட்டும்போது அவர் எழுந்து வந்தார்.

"எங்க கெளம்பிட்ட? கரண்டு போனா?"

"நீங்க செகண்ட் ஷிப்ட்டுதான? மத்தியானம் வரைக்கும் பாத்துக்குங்க. அப்புறம் அது பாத்துக்கும்."

"எனக்குச் சாப்பாடு?"

"ஃபிரிட்ஜ்ல இறால் இருக்குங்க," என்றேன். "உரிக்கல."