கூடத்துக்கு எந்த ரேடியோ

அப்பாவுக்குச் சின்ன ரேடியோதான் பிடித்திருந்தது. அதில் திருச்சி நிலையம் மட்டும் எடுக்கும். பெரியதில் ஷார்ட் வேவ் உண்டு, கடல் தாண்டியும் எடுக்கும். அண்ணி சூடாமணிக்கு அதுதான் வேண்டும். சுங்குடிச் சேலை விற்கச் சிங்கப்பூர் போன என் அண்ணன் ஹரிநாராயணன், அந்த ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து என்ன ஆனான் என்றே தெரியவில்லை. அங்கே மாட்டிக்கொண்டவர்கள் தமிழ் ஒலிபரப்பில் வீட்டுக்குப் பேசுகிறார்கள் என்று யாரோ அண்ணி காதில் போட்டிருந்தார்கள்.

காதில் எதுவும் விழாதவரை மகன் உயிரோடு இருக்கிறான் என்பது அப்பாவின் கணக்கு. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அண்ணி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போவதை அவரும்தானே பார்க்கிறார்?

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். எங்கள் சேலைக் கடையில் அண்ணனுக்கு அது பெரிய வசதி. வாங்க வந்தவர் எதிரில் தமிழில் சேலையைப் புகழ்வான். அதே சிரிப்போடு, அதே மூச்சில், எங்கள் மொழியில் அப்பாவிடம் உண்மையைச் சொல்வான்: "சாயம் சுமார்தான், விலையைக் குறைத்துவிடுங்கள்." வந்தவர் ஏதோ உபசார வார்த்தை என்று நினைத்துக்கொள்வார்.

ரேடியோக் கடைக்காரர் தவசி இரண்டு ரேடியோவையும் எங்கள் கூடத்துக்கே கொண்டுவந்தார். மொட்டை மாடியில் மூங்கில் நட்டு ஏரியல் கம்பி இழுத்தார். அன்றைக்கென்று மாடியில் குடியிருந்த சப்-இன்ஸ்பெக்டர் மலைச்சாமியும் வேடிக்கை பார்க்க இறங்கி வந்து ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். எதிரி நாட்டு ஒலிபரப்பைக் கேட்டால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது.

சின்னது பாடி முடித்தது. "இதுவே போதும்" என்றார் அப்பா.

"பெருசையும் கேட்டுருங்கண்ணே. கேக்க காசா பணமா" என்று தவசி பெரியதன் குமிழைத் திருகினார். இரைச்சல், சீனப் பாட்டு, மறுபடி இரைச்சல். திடீரென்று தெளிவான தமிழ் வந்தது. "அடுத்து, மதுரை ஜனகராஜ் அவர்களின் மகன் பேசுகிறார்."

அப்பாவின் பெயர். தவசியின் கை குமிழிலேயே நின்றது. "அணைங்க, அணைங்க" என்று அப்பா பதறி எழுந்தார். அண்ணி தூணைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் மலைச்சாமியைப் பார்த்தோம்.

அவர் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். "நான் இப்ப யூனிபாரத்துல இல்ல. விடுங்க, புள்ள பேசட்டும்" என்றார்.

அண்ணன்தான். அதே குரல். "அப்பா, நான் சௌக்கியம். வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது. கவலை வேண்டாம்." பிறகு சிரித்துக்கொண்டே, கடையில் பேசுகிற மாதிரியே, எங்கள் மொழியில் சொன்னான்: "நாளைக்கு எங்களைச் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போட ஓட்டிப்போகிறார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை. சூடாமணியை எனக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்."

அடுத்த ஆள் பேச வந்துவிட்டார்.

மலைச்சாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா, மகன் நல்லா இருக்காரு. கடைசியில என்னமோ உங்க பாசையில சொன்னாரே, என்ன?"

அண்ணன் ஒளித்துச் சொன்ன சொல் தெருவுக்குப் போனால், எப்படியாவது கடல் தாண்டி அவன் கழுத்துக்கே வரும். அப்பாவுக்கும் அது தெரியும். "எல்லாரையும் கேட்டதாச் சொன்னான்" என்றார். கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, மலைச்சாமி அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

"அப்ப எந்த ரேடியோண்ணே?" என்றார் தவசி.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அயல் ஆண்கள் முன்னால் வாய் திறக்காத அண்ணி முன்னால் வந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்த சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது.

"பெருசையே வச்சிருங்கண்ணே. சத்தம் தெளிவா இருக்கு" என்றாள் தமிழில்.

பிறகு அதே சிரிப்போடு, அதே மூச்சில், எங்கள் மொழியில் அப்பாவிடம் சொன்னாள்: "அழாதீர்கள் மாமா, ஆட்கள் பார்க்கிறார்கள். அவர் வேண்டாம் என்று சொன்னாலும் நான் காத்திருப்பேன்."

மலைச்சாமி எங்கள் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார்.