எலுமிச்சம்பழம் கிடந்த இடம்

போன் டவரில் ஏறுவதற்கு முன்னால் அதன் காலடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துச் சூடம் கொளுத்துவான் ரமேஸ். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். அதைச் செய்யாமல் முதல் படியில் கால் வைக்கமாட்டான். கூட வேலை செய்யும் நப்லான் தன் பங்குக்கு ஒரு பிஸ்மில்லா சொல்லிக்கொள்வான். ஆளுக்கொரு காவல், அதில் இருவருக்கும் சண்டை வந்ததே இல்லை. சண்டையெல்லாம் ஸ்பானரைப் பற்றித்தான்.

"கயிறு போட்டு பெல்ட்ல கட்டு மச்சான்" என்று அன்றைக்கும் நப்லான் சொன்னான்.

"ஸ்பானருக்கு அரைஞாண் கயிறா? அதென்ன பால்குடிப் புள்ளயா?" என்று சிரித்துவிட்டு ரமேஸ் ஏறிப்போனான். சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டால் அவன் ரமேஸ் இல்லையே.

அன்றைக்கு வேலை ரமேஸ் பிறந்த தோட்டத்து டவரிலேயே. ஏற்ற வேண்டியது புதிய அன்டெனா, ஓர் ஆள் உயரம். உச்சியில் இருந்த கப்பி வழியாக வந்த கயிறு கீழே கை வின்ச்சில் சுற்றியிருந்தது. மூன்றாவது ஆளான மூத்தவர் புஹாரி நானா வின்ச்சைச் சுற்றச் சுற்ற அன்டெனா மேலே போனது. அதன் அடியில் கட்டிய இன்னொரு கயிறு, தள்ளி நின்ற நப்லானின் கையில். காற்றில் ஆடி டவரில் மோதாமல் இழுத்துப் பிடிப்பது அவன் வேலை. கீழே ஆள் வராமல் பார்ப்பதும் அவன் வேலைதான். அதற்காக மஞ்சள் நாடாவைச் சுற்றிக் கட்டியிருந்தான். அந்த நாடாவுக்கு உள்ளேதான் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

பாதி உயரம் போனதும் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. ரமேஸ் மறைந்தான், அன்டெனாவும் மறைந்தது. கயிறு மட்டும் நப்லானின் கையைக் கிழிப்பதுபோல இழுத்தது.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். நாடாவைப் பார்த்து எல்லாரும் சுற்றிப் போனார்கள். ஒருத்தி மட்டும் அதைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். ரமேஸின் அம்மா நல்லம்மா.

"அம்மா! உள்ள போகாதீங்க!"

விடிந்தால் பொழுது சாய்ந்தால் யாராவது கத்திக்கொண்டே இருக்கிற தோட்டம் அது. இவன் கத்தலை யார் கணக்கில் எடுப்பது? "எம்புள்ள மேல நிக்கிறான் தம்பி. சாமிய ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிர்றேன்" என்று வெறும் கொழுந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு, சூடத்துக்கு முன்னால் கண்ணை மூடிக் கை கூப்பினாள்.

கயிற்றை விட்டு ஓடினால் அன்டெனா டவரில் அடித்து ரமேஸைத் தள்ளிவிடும். விடாமல் நின்றால் இவள் நகரமாட்டாள். புஹாரி நானாவுக்கும் வின்ச்சை விட்டுக் கை எடுக்க முடியாது.

"அம்மா, மேலருந்து ஏதாச்சும் விழுந்தா, ஒங்களக் கொன்ன பழி ஒங்க புள்ளைக்குத்தான்!"

அது சுருக்கென்று தைத்தது. நல்லம்மா பையை அப்படியே போட்டுவிட்டு அவனிடம் ஓடிவந்தாள். வந்து மூச்சு விடவில்லை, மூட்டத்துக்குள் இரும்பில் 'டங்' என்று ஒரு சத்தம். ஸ்பானர் நேராக வந்து சூடம் எரிந்த இடத்தில் விழுந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கி மண்ணுக்குள் போயிருந்தது.

நல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்டெனாவைத் தற்காலிகமாகக் கட்டி நிறுத்திவிட்டதாக மேலிருந்து குரல் வந்தபிறகுதான் நப்லான் கயிற்றை விட்டான். நல்லம்மா போய் ஸ்பானரை எடுத்துவந்து முந்தானையில் துடைத்தாள். "அவன்கிட்ட சொல்லிறாதீங்க தம்பி. கை நடுங்கிப் போயிரும். நாளைக்கும் ஏறணும்ல." நப்லான் தலையாட்டினான்.

ரமேஸ் சிரித்துக்கொண்டே இறங்கினான். "கை நழுவிருச்சு மச்சான். எங்க விழுந்துச்சு?"

"புல்லுல" என்று முந்திக்கொண்டாள் நல்லம்மா.

நப்லானுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது மறைத்தால் நாளைக்கு வேறு டவர், வேறு யாரோ ஒருவரின் தலை. ரமேஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்த மண்ணைக் காட்டினான்.

"இங்கதான் விழுந்துச்சு. ஒங்கம்மா கண்ண மூடிக் கும்புட்டுக்கிட்டு நின்ன எடம்."

ரமேஸ் பழத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

நல்லம்மா நப்லானை முறைத்தாள். பிறகு இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, ஸ்பானரின் துளையில் கோத்து, மகனுடைய பெல்ட்டில் முடிச்சுப் போட்டாள். முதல் தடவை முடிச்சு விழவில்லை, மறுபடியும் போட்டாள். அவள் முடிக்கும்வரை ரமேஸ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றான்.